வாடகை வீட்டை அழகாக்கப் பத்தாயிரம் போதும்: நம் கையாலேயே செய்ய ஒரு முழு வழிகாட்டி

"வாடகை வீடுதானே, இதுக்கு எதுக்குச் செலவு" என்ற பேச்சு நம் வீடுகளில் சகஜம். அப்படியே ஐந்து வருஷம், ஏழு வருஷம் ஓடிவிடும். சுவரில் நகைக்கடை காலண்டர், தலைக்கு மேலே ஒற்றை ட்யூப்லைட், ஜன்னலில் முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஸ்பிரிங் கம்பி. சொந்த வீடு கட்டியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் அந்த வருஷங்களில்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள், பண்டிகைகள் வருகின்றன, விருந்தாளிகள் வந்து போகிறார்கள். அதனால் இப்போது இருக்கும் வீட்டையே சரி செய்வோம்.

இந்த வழிகாட்டியில் நான் மனதில் வைத்திருப்பது நம் ஊர்களில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 சதுர அடி வீடு: பத்துக்குப் பதினான்கு அடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, வெள்ளையோ கிரீமோ அடித்த சுவர், சிமெண்ட் பலகை போட்ட திறந்த அலமாரி, மேலே ஒரு பரண். ஹாலை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு அறையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவது நல்லது. எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டு வைத்தால் எதுவும் கண்ணில் படாது. கீழே சொல்லும் வேலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். விலை ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

வேலையின் வரிசை முக்கியம். ஒழித்தல், நிறம், வெளிச்சம், சுவர், துணி, அதற்கப்புறம்தான் அலங்காரப் பொருள். நம்மில் பலர் கடைசியில் இருக்கும் பொருளில் தொடங்குகிறோம். ஆன்லைனில் பார்த்ததை வாங்கி, வைக்க இடம் தேடி, டிவி மேசையில் நிறுத்திவிடுகிறோம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் ஒழியுங்கள்

போகிக்குச் செய்வதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். அதற்கு முன் வாசற்படியில் நின்று ஹாலை போனில் ஒரு படம் எடுங்கள். தினம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாதது படத்தில் தெரியும். டிவிக்குப் பின்னால் தொங்கும் ஒயர்கள், நாற்காலி முதுகில் மடிக்காத துணி, ஜன்னல் திட்டில் மருந்து டப்பா, மூன்று காலண்டர், அலமாரி உச்சியில் மிக்ஸி வாங்கிய அட்டைப்பெட்டி. இவற்றை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு காசு செலவில்லை.

ஹாலில் இருக்கும் சின்னச் சாமான்கள் முழுவதையும் படுக்கையறைக்கு மாற்றிவிட்டு, திரும்ப வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே எதை எடுக்கலாம் என்று யோசித்தால் ஒன்றும் நகராது. பழைய பேப்பர்காரருக்குப் போவது, யாருக்காவது பயன்படுவது, பரணுக்குப் போவது என்று பிரியுங்கள். காலண்டர் வேண்டும் என்றால் ஒன்று, அதுவும் சமையலறைக் கதவுக்குப் பின்னால். ஒயர்களைச் சேர்த்துக் கட்டி மேசைக் காலோடு பிணைத்துவிடுங்கள்.

அடுத்து பரணைக் கிளறுங்கள். பித்தளை அண்டா, தவலை, தூக்கு, பல்லாங்குழி, மரத்து அஞ்சறைப் பெட்டி, பாட்டி வீட்டு முக்காலி என்று ஏதாவது ஒன்று பல வீடுகளில் மூட்டைக்குள் கிடக்கும். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் நல்ல விலை கொடுத்து வாங்குகிற சாமான் அதுதான். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்தால் பித்தளை பளிச்சென்று வந்துவிடும். இரண்டு மூன்று சாமான் போதும். ஹாலுக்கு வாங்கவேண்டிய அலங்காரம் இதோடு முடிந்துவிடக்கூடும்.

இன்ச் டேப்பை எடுத்து அறையின் நீள அகலம், ஜன்னலின் அகலம், ஜன்னலுக்கு மேல் இருக்கும் இடம், தரையிலிருந்து ஜன்னல் மேல்விளிம்பு வரை உயரம், பிளக் பாயின்ட்கள் எங்கே என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது இந்தத் தாள் பையில் இருக்கட்டும்.

நிறத்தைத் தரையிலிருந்து தொடங்குங்கள்

வாடகை வீட்டில் மாற்றவே முடியாதது தரை. ஆகவே அது சொல்வதைக் கேளுங்கள். சிவப்பு சிமெண்ட் தரை இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதோடு வெள்ளை, இலைப்பச்சை, மரப் பழுப்பு எல்லாம் சேரும். பழைய மொசைக் என்றால் அதில் கிடக்கும் சில்லுகளின் நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீம் நிற டைல்ஸ்தான் இப்போது அதிகம். அது எதோடும் சண்டை போடாது, ஆனால் தானாக உயிரும் தராது. அதற்குச் செங்காவி, மஞ்சள், மயில்நீலம் என்று ஏதாவது அழுத்தமான நிறம் தேவை.

நிறங்களைச் சேர்க்கத் தெரியாது என்று தயங்குகிறவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த ஒரு பருத்திப் புடவையை எடுத்துத் தரையில் விரியுங்கள். உடல், கரை, முந்தானை என்று மூன்று நிறம் அதில் ஏற்கெனவே பொருந்தி இருக்கும். நெசவாளர் உங்களுக்காக யோசித்துவிட்டார். உடலின் நிறம் பெரிய பரப்புகளுக்கு, கரையின் நிறம் நடுத்தரமான இடங்களுக்கு, முந்தானையில் எட்டிப்பார்க்கும் நிறம் அங்கங்கே துளியாக. மூன்றுக்கு மேல் போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது கிரீம், செங்காவி, மஞ்சள்.

வெளிச்சம்: குறைந்த காசில் பெரிய மாற்றம்

ஒரே ஒரு வேலை செய்யத்தான் நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நம் ஹால்களில் எரிவது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை ட்யூப். நடுப்பகல் வெளிச்சம் மாதிரி நீலம் கலந்த வெண்மை. காய்கறி நறுக்கவும் பிள்ளைகள் படிக்கவும் அது நல்லது. ஆனால் மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்து பேசும் அறையில் அது சுவரையும் முகத்தையும் வெளிறச் செய்கிறது. கடையில் "வார்ம் ஒயிட்" என்று கேளுங்கள். டப்பாவில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று, பழைய 60 வாட் குண்டு பல்புக்குக் குறையாமல் எரியும். விலை நூற்றைம்பது ரூபாய்க்குள்.

ட்யூபைக் கழற்ற வேண்டாம். வேலை இருக்கும்போது அதைப் போடுங்கள். மாலைக்கு இரண்டு மூன்று சின்ன விளக்குகளை வெவ்வேறு உயரத்தில் வையுங்கள். மூலையில் ஒன்று தொங்கட்டும், அலமாரியில் ஒன்று, சோபா பக்கத்தில் ஒன்று. ஒரே நேரத்தில் வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் இரண்டும் கெடும்.

தொங்கும் விளக்குக்கு மூங்கில் கூடை போதும். தெருவோரம் கூடை முடைந்து விற்கிறவர்களிடம் ஒரு அடி விட்டமுள்ள, இடைவெளி விட்டுப் பின்னிய கூடையாகப் பாருங்கள். நெருக்கிப் பின்னிய கூடையில் வெளிச்சம் கீழே மட்டும் விழும். இடைவெளி இருந்தால் சுவரில் பின்னலின் நிழல் விழும், அதுதான் அழகு. செய்முறை இது:

கூடையைக் கவிழ்த்து, அடியின் நடுவில் ஹோல்டரின் கழுத்து நுழையும் அளவுக்கு மூங்கில் பட்டைகளைக் கத்தியால் வெட்டித் திறங்கள். வெட்டிய முனைகளில் பெவிகால் தடவி, மெல்லிய கட்டுக்கம்பியால் சுற்றிவிட்டால் பிரியாது. எலக்ட்ரிக்கல் கடையில் திருகு வளையம் உள்ள தொங்கும் ஹோல்டர், 4 மீட்டர் இரட்டை ஒயர், ஒரு டூ பின் பிளக், ஒயரிலேயே வைக்கும் சுவிட்ச் வாங்குங்கள். ஹோல்டரின் மூடிக்குள் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு இணைப்புக் கொடுங்கள். கூடையின் எடை முடிச்சின் மேல் தங்கவேண்டும், திருகில் மாட்டிய செம்புக் கம்பியின் மேல் அல்ல. ஹோல்டரைக் கூடைக்குள் நுழைத்து வளையத்தைத் திருகி இறுக்குங்கள். கூரையில் ஏற்கெனவே இருக்கும் கொக்கியில் ஒயரை மாட்டி, சுவரோரமாக இறக்கி பிளக்கில் சொருகிவிடலாம். வீட்டின் ஒயரிங்கைத் தொடவே வேண்டாம்.

உயரத்தையும் பாருங்கள். மேசைக்கு மேல் தொங்கினால் மேசைப் பரப்பிலிருந்து இரண்டரை அடி. நடக்கும் இடமென்றால் தரையிலிருந்து ஆறரை அடிக்குக் கீழே வரக்கூடாது. கூடைக்குள் எல்இடி மட்டும்தான். குண்டு பல்பின் சூட்டுக்கு மூங்கில் கருகிப் பற்றிக்கொள்ளும். ஒயர் இணைப்பதில் கை தயங்கினால் எலக்ட்ரீஷியனிடம் அந்த ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

சுவர்: முழுவதும் வேண்டாம், கீழ்ப்பாதி போதும்

ஒரு சுவரை மட்டும் அழுத்தமான நிறத்தில் அடிப்பது எல்லோரும் சொல்லும் யோசனை. எனக்கு அதைவிடப் பிடித்தது கீழ்ப்பாதியில் ஒரு பட்டை. தரையிலிருந்து 40 அங்குலம் உயரத்துக்குச் செங்காவி, அதற்கு மேல் இருக்கும் கிரீம் அப்படியே. சோபா உரசும் இடம், தலை சாயும் எண்ணெய்க்கறை, பிள்ளைகளின் கைத்தடம் எல்லாம் அந்த உயரத்துக்குள்தான் வரும், அடர்ந்த நிறத்தில் தெரியாது. பெயிண்ட்டும் பாதிதான். பதினான்கு அடிச் சுவரில் இந்தப் பட்டை 47 சதுர அடிக்குள் வரும். ஒரு லிட்டர் எமல்ஷனில் இரண்டு பூச்சும் முடிந்து கொஞ்சம் மிஞ்சும்.

வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். "காலி பண்ணும்போது பழையபடி அடிச்சுத் தந்துடறோம்" என்று சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது இரண்டு பக்கமும் நல்லது.

சுவரைத் தடவிப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டம்பர். அதன் மேல் எமல்ஷன் நிற்காது. உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒரு கோட் பிரைமர் அடிக்கவேண்டும். உப்புப் பூத்து உரிந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். குழாய்க் கசிவோ மழைநீரோ நிற்கும்வரை அந்தச் சுவரைத் தொடாதீர்கள். அடித்தாலும் அடுத்த மழைக்கு உரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்தச் சுவருக்கும் பெயிண்ட் வேலை வைக்காதீர்கள்.

ஓட்டைகளையும் கீறல்களையும் பட்டி வைத்து அடைத்து, ஒரு இரவு காயவிட்டு, 180-ஆம் நம்பர் உப்புத்தாளால் சமன் செய்யுங்கள். பட்டி வைத்த இடத்தில் பிரைமர் தொட்டுவிடவேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பெயிண்டை உறிஞ்சித் திட்டாகத் தெரியும்.

அடுத்தது கோடு. முழு வேலையின் அழகும் இந்தக் கோட்டில் இருக்கிறது. தரையிலிருந்து அங்கங்கே 40 அங்குலம் அளந்து இணைத்தால் கோடு கோணும், ஏனென்றால் தரையே வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பார்கள். கொத்தனார் செய்வதுபோல டியூப் லெவல் பிடியுங்கள். ஹார்டுவேர் கடையில் உள்ளே தெரிகிற மெல்லிய பிளாஸ்டிக் டியூப் பதினாறு பதினேழு அடி வாங்கி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையைச் சுவரின் ஒரு ஓரத்தில் 40 அங்குலக் குறியில் ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் எதிர் ஓரத்தில் பிடிக்கட்டும். இந்தப் பக்கம் தண்ணீர் குறிக்கு நேராக நிற்கும்போது அந்தப் பக்கம் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே குறியுங்கள். இரண்டு குறிக்கும் இடையே கலர்ப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் பிசகாத கோடு விழும். கோட்டுக்கு மேல்விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, விரலால் அழுத்தித் தேயுங்கள்.

டேப்பின் விளிம்பில் முதலில் பழைய கிரீம் பெயிண்டையே மெல்லிசாக ஒரு இழுப்பு இழுங்கள். சந்து இருந்தால் அது அடைத்துக்கொள்ளும், காவி கசியாது. இது காய்ந்ததும் ஓரங்களை 2 அங்குலப் பிரஷ்ஷால் அடித்து, நடுவை ரோலரால் நிரப்புங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பயப்படவேண்டாம். நான்கு மணி நேரமாவது விட்டு இரண்டாவது பூச்சு. அது லேசாக ஈரமாக இருக்கும்போதே டேப்பை மெதுவாகச் சாய்த்து உரியுங்கள். முழுக்கக் காய்ந்தபின் உரித்தால் பெயிண்ட்டும் சேர்ந்து பெயர்ந்துவரும். ஷேடு நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய பெயிண்டைக் கொட்டவேண்டாம், கீழே ஒரு வேலை இருக்கிறது.

ஒரு புடவை, இரண்டு திரை, இரண்டு குஷன்

ரெடிமேட் திரைகள் பெரும்பாலும் பாலியஸ்டர். நம் வெயிலுக்குக் காற்றையும் அடைக்கும், பார்க்கவும் ஓட்டல் அறை மாதிரி இருக்கும். பருத்திப் புடவை அப்படியில்லை. வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே விடும், காற்றுக்கு அசையும். பெரிய கட்டம் போட்ட காரைக்குடிக் கண்டாங்கி இதற்கென்றே செய்ததோ என்று தோன்றும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற புடவை அது. புதிதாக வாங்கவேண்டியதில்லை. அம்மாவிடமோ அத்தையிடமோ கட்டாமல் கிடக்கும் ஒன்று இருக்கும். வெட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள், சில புடவைகளுக்கு அவர்கள் மட்டும் அறிந்த கதை இருக்கும்.

கணக்கு இப்படி. புடவை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 அங்குலம். அகலம் 45 அங்குலம். நான்கடி அகல ஜன்னலுக்குத் தரைவரை தொங்கும் திரை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்பியை ஏழரை அடி உயரத்தில், அதாவது 90 அங்குலத்தில் மாட்டுகிறோம். திரையின் உயரம் 89, மேலே கீழே மடிக்க 6, ஆக 95 அங்குலம். இரண்டு துண்டு வெட்டினால் 190. மிச்சம் 26 அங்குலம், அது முந்தானை. இரண்டு துண்டின் அகலமும் சேர்ந்து 90 அங்குலம், ஜன்னல் 48 அங்குலம். திரை மூடியிருக்கும்போதும் நல்ல மடிப்பு விழும். புடவையின் இரண்டு கரையும் திரையின் இரண்டு பக்கமும் நெடுக இறங்கும். பக்கவாட்டில் ஓரம் அடிக்கும் வேலைகூட இல்லை.

வெட்டும் முன் புடவையைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். சுருங்குவது முன்னாலேயே சுருங்கட்டும். மேலே 3 அங்குலம் மடித்து, பாவாடைக்கு நாடா கோர்க்கும் பட்டி மாதிரி கம்பி நுழைய ஒரு பட்டி தையுங்கள். கீழ் மடிப்பை முதலில் குண்டூசி குத்தி, கம்பியில் மாட்டி, தரையை உரசாமல் அரை அங்குலம் மேலே நிற்கிறதா என்று பார்த்தபின் தைப்பது நல்லது. மேற்கு பார்த்த ஜன்னல் என்றால் பின்னால் காடாத்துணியில் உள்லைனிங் கொடுங்கள், சாயம் வெளுக்காது. மெஷின் இல்லாவிட்டால் தெருமுனை டெய்லர் செய்து தருவார். அளவை எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லவேண்டாம்.

கம்பியை ஜன்னல் சட்டத்தோடு ஒட்டி மாட்டும் வழக்கத்தை விடுங்கள். ஜன்னலுக்கு மேல் 6 அங்குலம், இரு பக்கமும் 6 அங்குலம் தள்ளி மாட்டினால் ஜன்னல் பெரிதாகவும் கூரை உயரமாகவும் தெரியும். திரையைத் திறக்கும்போது துணி முழுக்கச் சுவர்ப்பக்கம் ஒதுங்கி, காற்றும் வெளிச்சமும் குறையாமல் வரும். அந்த இடம் லின்டல், அதாவது ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட். சாதாரண டிரில் திணறும், ஹாமர் டிரில் வேண்டும். பல ஊர்களில் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். 6 எம்எம் பிட், அதே அளவு பிளக் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் சொருகும் பிளாஸ்டிக் துண்டு), ஒன்றரை அங்குல ஸ்க்ரூ. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், ஒயர் அந்த வழியாகத்தான் போகும்.

மிஞ்சிய முந்தானையில் 17 அங்குலச் சதுரமாக இரண்டு வெட்டினால் 16 அங்குலக் குஷன் இரண்டுக்கு முன்பக்கம் ஆயிற்று. பின்பக்கம் காடாத்துணி. ஜன்னலில் இருக்கும் துணியே சோபாவிலும் எட்டிப்பார்க்கும்போது அறை தானாக ஒட்டிக்கொள்ளும். படுக்கையறையில் இருக்கும் திறந்த பரணுக்கும் இதே முறையில் ஒரு குட்டைத் திரை போடலாம்.

சுவரில் மாட்ட ஒரு கோலப் பலகை

மிஞ்சிய காவிப் பெயிண்ட் இதற்குத்தான். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் ஒன்றை மரக்கடையில் வெட்டி வாங்குங்கள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, மர பிரைமர் ஒரு கோட், காவி இரண்டு கோட். காய்ந்ததும் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நடுவரிசையில் 7, மேலும் கீழும் 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி, மொத்தம் 25. புள்ளிக்குப் புள்ளி இரண்டரை அங்குலம் விட்டால் கோலம் நடுவில் அடங்கி, சுற்றிலும் மூன்று அங்குலம் காவி வெறுமையாக நிற்கும். அந்த வெறும் இடம் அவசியம். விளிம்புவரை கோலத்தை நிரப்பாதீர்கள்.

வீட்டில் யார் கைக்குச் சிக்குக்கோலம் வழுக்கிக்கொண்டு வருமோ, அவர்களிடம் சாக்பீஸைக் கொடுங்கள். மார்கழியில் விடிகாலை வாசலில் போட்டுப் பழகிய கை ஒரே இழுப்பில் வளைவைப் போடும். அதன் மேல் வெள்ளை அக்ரிலிக் பெயிண்டை 4-ஆம் நம்பர் உருண்டை பிரஷ்ஷில் தொட்டு வரையுங்கள். பெயிண்டில் சில சொட்டுத் தண்ணீர் கலந்தால் பிரஷ் தடங்காது. விரலை மட்டும் அசைத்தால் கோடு நடுங்கும், முழங்கையிலிருந்து கையை ஓட்டுங்கள். ஒரு வளைவைப் பாதியில் நிறுத்தவேண்டியிருந்தால் இரண்டு கோடு குறுக்கே வெட்டும் இடத்தில் நிறுத்துங்கள், ஒட்டுத் தெரியாது. மறுநாள் சாக்பீஸ் தடத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் ஒரு கோட். கிரீம் சுவரில், காவிப் பட்டைக்கு மேலே இதை மாட்டுங்கள்.

மாட்டும் உயரம் பற்றி ஒரு வார்த்தை. நிலைக்கு மேலே, கழுத்தை அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் படம் மாட்டுவது நம் பழைய வழக்கம். சாமி படங்களுக்கும் முன்னோர் படங்களுக்கும் அது சரி. மற்றவற்றுக்குப் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்கட்டும், நிற்கும்போது கண்மட்டத்தில் வரும். பல படங்களைச் சேர்த்து மாட்டுவதாக இருந்தால் அதே அளவில் பேப்பர் வெட்டி டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள். படங்களுக்கு இடையே இரண்டு மூன்று அங்குலம்.

எதை மாட்டலாம்? தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிய பிரதி, நைந்துபோன பட்டுப்புடவையின் கரைத்துண்டு, பிள்ளை முதலில் எழுதிய எழுத்து. கடையில் வாங்கும் "ஹோம் ஸ்வீட் ஹோம்" பலகையைவிட இவை எவ்வளவோ மேல். ஆணி அடிக்காமல் ஒட்டும் கொக்கிகள் டைல்ஸில் நிற்கும், டிஸ்டம்பர் சுவரில் பெயிண்ட் தோலோடு பெயர்ந்து விழும். கண்ணாடிப் படத்தை அதை நம்பித் தொங்கவிடாதீர்கள்.

தரையும் இருக்கையும்

பவானி ஜமக்காளம் ஒன்று, அகலக் கோடு போட்டது, ஹாலின் நடுவில் விரித்தால் கார்பெட் தேவையே இல்லை. துவைக்கலாம், மடிக்கலாம், இருபது வருஷம் உழைக்கும். கைத்தறியா என்று கேட்டு வாங்குங்கள். கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைத் தள்ளுபடி நேரம் பார்த்துப் போனால் படுக்கை விரிப்பும் கையோடு வாங்கலாம். ஜன்னலோரம் ஒரு கோரைப்பாயும் இரண்டு திண்டும் போட்டால் உட்கார்ந்து காபி குடிக்க ஓர் இடம் கிடைத்துவிடும். பத்தமடைப் பாயில் பட்டுப்போல் நெய்தது விலை அதிகம். சாதாரணக் கோரை நெசவு நமக்குப் போதும். ஈரத்தில் விட்டால் பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒருமுறை வெயில் காட்டுங்கள்.

டீப்பாய் வாங்குவதற்குப் பதில் பரணில் கிடக்கும் ட்ரங்குப் பெட்டியை இறக்குங்கள். துருவை எமரித் தாளால் தேய்த்து, டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். மறுநாள் மஞ்சள் எனாமல், மெல்லிசாக இரண்டு கோட். தடிப்பாக ஒரே கோட் அடித்தால் வழிந்து கோடுகோடாக நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்தால் மொட்டை மாடியில் செய்யுங்கள். உள்ளே குளிர்காலப் போர்வையும் கொலுச் சாமானும் போட்டுவைக்கலாம், மேலே காபி டம்ளர் வைக்கலாம்.

அலமாரி, செடி

திறந்த சிமெண்ட் அலமாரியின் உட்பக்கச் சுவருக்கும் அதே காவியை ஒரு கை பூசுங்கள். பித்தளைச் சாமான் அதற்கு முன்னால் எடுத்துத் தெரியும். ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். புத்தகம் சில நின்று, சில படுத்து, பக்கத்தில் ஒரு தூக்கு. அன்றாடம் எடுக்கும் சின்னச் சாமான்களை மூடி போட்ட ஓலைப்பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

செடிக்கு மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை இரண்டும் போதும், வீட்டுக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் வளரும். பாம்புக் கற்றாழைக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். மண்தொட்டியை முதலில் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுச் செடி வையுங்கள். பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட் வைத்தால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றிப் பாட்டிலைத் தேய்த்துக் கழுவவேண்டும், தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டையும் அப்படியே. டெங்கு கொசு முட்டையிடுவது இந்த நல்ல தண்ணீரில்தான். மணி பிளான்ட் இலையைக் கைக்குழந்தை வாயில் வைக்காத உயரத்தில் வையுங்கள், நாக்கு எரியும்.

வாங்கவேண்டாம் என்று நான் சொல்வது

ஒட்டும் வால்பேப்பர். நம் ஈரக்காற்றில், சுண்ணாம்புச் சுவரில், ஓரம் சுருண்டுவரும். உரிக்கும்போது பூச்சும் வரும். பிளாஸ்டிக் பூ, பிளாஸ்டிக் புல்தரை விரிப்பு இரண்டும் சில மாதத்தில் தூசி படிந்து சாயம் இறங்கிவிடும். வண்ணம் மாறும் சீரியல் விளக்கைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம், அது வீட்டுக்காரருக்கு நீங்கள் தரும் சீதனம்.

காலி செய்யும்போது

விளக்கு, திரை, கோலப் பலகை, பெட்டி, ஜமக்காளம் எல்லாம் உங்களோடு வரும். திரைக் கம்பியின் பிளக்கை நெம்பி எடுத்து, ஓட்டையைப் பட்டியால் அடைத்துத் தேயுங்கள். காவிப் பட்டையின் மேல் நேரடியாகக் கிரீம் அடித்தால் மூன்று நான்கு பூச்சுக்கும் சிவப்பு எட்டிப்பார்க்கும். அதனால் வெள்ளை பிரைமர் ஒன்றிரண்டு கோட் அடித்து மறைத்தபின் கிரீம் இரண்டு கோட். அலமாரிக்குள் பூசியதையும் மறக்கவேண்டாம். இதை அட்வான்ஸ் கணக்குப் பேசுவதற்கு முன்பே முடித்து, படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். புது வீட்டின் ஜன்னல் அளவைச் சாவி வாங்கும் அன்றே எடுத்துவிட்டால், திரையின் கீழ் மடிப்பை இறக்குவதா ஏற்றுவதா என்று சாமான் கட்டும் முன்னாலேயே டெய்லரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.